குழந்தை இறந்த கேஸுக்குப் பிறகு பணியாளர்களைக் கட்டாயமாகப் பேச வைக்கலாமா?

9 ஜூன் 2025, இரவு 9.50 – மாவட்ட மேற்பார்வை

108 வண்டிகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் கேஷுவாலிட்டியில் இருப்பவர்களுக்கும் ஒரு கேள்வி. குழந்தை இறந்த கேஸ், ஒரே குடும்பத்தில் நாலைந்து பேர் போன விபத்து என்று ஏதாவது வந்தால், 24 மணி நேரத்துக்குள் அந்த வண்டியில் போன இஎம்டி (அவசர மருத்துவப் பணியாளர்), பைலட் (ஓட்டுநர்) எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டுமாம். ஒருவர் விடாமல் பார்த்ததையும் மனதில் பட்டதையும் சொல்ல வேண்டும், வராதவருக்கு ஆப்சென்ட். இப்படி ஒரு வரைவு கையில் இருக்கிறது. "மனசுல இருக்கிறதக் கொட்டிட்டா லேசாயிடும்" என்பதுதான் அதன் அடிப்படை. இதைக் கட்டாயம் ஆக்கலாமா? வேண்டாம் என்றால் அதற்குப் பதிலாக என்ன செய்வது?

9 ஜூன் 2025, இரவு 11.15 – மனநலப் பணி

கட்டாயம் ஆக்காதீர்கள். ஆப்சென்ட் போடும் வரியை இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியில் இருந்த ஜெஃப்ரி மிட்செல் 1983-இல் எழுதி வைத்தது. ஏழு கட்டம், ஒரே அமர்வு, சம்பவம் நடந்து ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள். உலகமெங்கும் பரவியது. பிறகு சோதித்துப் பார்த்தார்கள். வேல்ஸில் தீக்காயம் பட்டவர்களிடம் செய்து 1997-இல் வெளியான ஆய்வில், 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மன அழுத்த நோய்) இருந்தது. பேச வைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2005-இல் இந்த ஒரே அமர்வு முறை வேண்டாம் என்றது. உலக சுகாதார நிறுவனமும் அதையே சொன்னது.

ஏன் கெடுகிறது என்பது இங்கே நடக்கிற விதத்தைப் பார்த்தாலே புரியும். பைலட் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார், பின்னால் நடந்ததை அவர் பார்க்கவில்லை. கூட்டத்தில் இஎம்டி சொல்லச் சொல்ல அவர் பார்க்காத காட்சியெல்லாம் அவர் தலைக்குள் ஏறுகிறது. அறையில் மேலதிகாரி இருக்கிறார். அவர் முன்னால் "கை நடுங்குச்சு" என்று சொன்னால் அது நாளைக்கு மெமோவாக வருமோ என்ற பயம். பேசாமல் இருப்பவரைக் கல்நெஞ்சக்காரர் என்று மற்றவர்கள் முடிவு கட்டுகிறார்கள். முதல் நாள் உடம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும்போது காட்சியை நுணுக்கமாகத் திரும்பச் சொல்ல வைத்தால் சிலருக்கு அது இன்னும் ஆழமாகப் பதியும்.

10 ஜூன் 2025, காலை 7.20 – ஐசியு சிஸ்டர்

மேலே சொன்ன 26-க்கு 9 என்ற கணக்கை அப்படியே வெட்டி மேலிடத்துக்கு அனுப்பாதீர்கள், யாராவது விவரம் தெரிந்தவர் கேட்டால் நிற்காது. அந்த ஆய்வில் பேச வைக்கப்பட்ட பிரிவில் இருந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே காயமும் பாதிப்பும் அதிகம். தவிர, அவர்கள் நோயாளிகள், தனித்தனியாகப் பேசப்பட்டவர்கள். சேர்ந்து வேலை செய்யும் குழு வேறு.

10 ஜூன் 2025, பிற்பகல் 1.05 – மனநலப் பணி

சிஸ்டர் சொல்வது சரி, அந்த எல்லையைச் சேர்த்தே எழுத வேண்டும். வரைவில் "இது பிடிஎஸ்டியைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை, வற்புறுத்தினால் சிலருக்குத் தீங்காகலாம்" என்று போடுங்கள், அது எந்தக் கேள்விக்கும் நிற்கும். குழுவாக ஐந்து நிமிடம் நின்று பேசுவதை நான் எதிர்க்கவில்லை, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

10 ஜூன் 2025, இரவு 10.30 – மனநலப் பணி

முதல் ஒரு மணி நேரம். மனநலம் என்ற சொல்லே வராமல் செய்ய வேண்டிய வேலைகள்தான் இங்கே அதிகம்.

வண்டியை ஆஃப் ரோடு போடும் (கேஸ் எடுக்காமல் நிறுத்தி வைக்கும்) அதிகாரம் யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த அடுத்த நிமிடமே அடுத்த கேஸ் விழுந்தால் இஎம்டியால் மறுக்க முடியாது, மறுத்தால் அது அவர் பெயரில் பதிவாகும். "குழந்தை இறப்பு, பல பேர் இறப்பு, தெரிந்தவர் இறப்பு, பணியாளர் தாக்கப்பட்டது – இந்த நான்கிலும் கன்ட்ரோல் ரூம் தானாகவே 45 நிமிடம் வண்டியை எடுத்து வைக்கும்" என்று இருந்தால் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. பக்கத்து லொக்கேஷன் (வண்டி நிற்கும் இடம்) வண்டி அந்த நேரத்தைத் தாங்கும்படி திட்டம் வேண்டும். அது இல்லாமல் வெறும் காகிதத்தில் எழுதினால் முதல் வாரத்திலேயே உடையும்.

அடுத்தது வண்டி கழுவுவது. இது பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை. ரத்தம் சிந்திய இடத்தை உறிஞ்சும் துணி போட்டு மூடி, 1 சதவீத ஹைப்போகுளோரைட் ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் அதே இஎம்டி தனியாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை கேஸ் என்றால் கழுவுவதற்கு வேறு ஆள் கொடுங்கள். ஆள் இல்லையென்றால் மேற்பார்வையாளரே போய்க் கூட நில்லுங்கள். சீட்டுக்கு அடியில் ஒற்றைச் செருப்பு, பால் பாட்டில், பள்ளி ஐடி கார்டு கிடக்கும். அதை யார் எடுத்து ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட்டில் ஒப்படைப்பது என்று ஒருவர் பெயர் இருக்கட்டும். அந்தச் செருப்பை வண்டியிலேயே வைத்துக்கொண்டு மறுநாள் டியூட்டி பார்ப்பது கொடுமை.

மாற்று யூனிஃபார்ம் ஒரு செட் லொக்கேஷனில் இருக்க வேண்டும். ரத்தக் கறையோடு வீட்டுக்குப் போகிறவரைப் பார்க்கும் அவர் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள்.

பிசிஆர் (நோயாளி பராமரிப்புப் பதிவு) அன்றைக்கே எழுதப்பட வேண்டும், அது மருத்துவ ஆவணம். "ஏன் பத்து நிமிடம் தாமதம்" என்ற விளக்கக் கடிதத்தை மட்டும் அன்று இரவு கேட்காதீர்கள். இரண்டு முறை தூங்கி எழுந்த பிறகு கேளுங்கள். அவசரத்தில் எழுதும் விளக்கம் சரியாகவும் இருக்காது, "தப்பு என் மேலதானோ" என்ற எண்ணத்தை ஆணியடித்தும் விடும்.

பேச வேண்டியது இவ்வளவுதான்: "சாப்பிட்டீங்களா? அடுத்த கேஸ் எடுக்க முடியுமா, ரிலீவர் போடட்டுமா? வீட்டுக்கு எப்படிப் போறீங்க, பைக்கா?" உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் பார், கேள், இணை என்ற மூன்றும்தான். கேள் என்றால் துருவுவது என்று பொருளில்லை. அவராகச் சொன்னால் காது கொடுப்பது.

11 ஜூன் 2025, காலை 5.40 – நைட் பைலட்

எல்லாம் சரிங்க சார். எங்க பிரச்சினை பாதி தூக்கம்தான். பன்னிரண்டு மணி நேர நைட், காலையில ரிலீவர் லேட், அப்புறம் முப்பது கிலோமீட்டர் பைக். அந்த நிலைமையில கவுன்சிலிங்ன்னா யாருக்கு ஏறும்?

11 ஜூன் 2025, பிற்பகல் 2.00 – மனநலப் பணி

பைலட் அண்ணன் சொன்னதை வரைவின் முதல் பக்கத்தில் போடலாம்.

1997-இல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்கு இறங்குகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03. மதியம் இரண்டு மணிக்கு எழுந்து இரவு எட்டுக்கு டியூட்டி ஏறியவர், மறுநாள் காலை எட்டரைக்குப் பைக் எடுக்கும்போது பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டியிருப்பார். குடிக்காமலே வரம்பு மீறியவருக்குச் சமம்.

செய்யக்கூடியவை: டியூட்டிக்கு முன் மாலையில் ஒன்றரை மணி நேரம் படுப்பது, இரவில் எவ்வளவு காபி குடித்தாலும் ஈடு செய்யாத பலனைத் தரும். இரவில் கேஸ் இல்லாத நேரம் 20 நிமிடத் தூக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பினால் தலை தெளியக் கால்மணி, அரைமணி ஆகும், ஆம்புலன்ஸுக்கு அந்த அவகாசம் கிடையாது. எழுந்தவுடன் வண்டி எடுக்க நேர்ந்தால் முகவரியை இஎம்டி வாங்கி வழி சொல்லட்டும், முதல் சில நிமிடம் பைலட் ரோட்டை மட்டும் பார்க்கட்டும். விடியற்காலை மூன்றிலிருந்து ஆறு வரை உடம்பு தானாகவே தாழும் நேரம், நீண்ட தூர ரெஃபரல் கேஸை அந்த நேரத்தில் எடுக்கும் வண்டிக்குத் திரும்பும் வழியில் நிற்க அனுமதி வேண்டும். கடைசி காபிக்கும் படுக்கைக்கும் ஆறு மணி நேர இடைவெளி.

ரிலீவர் லேட் என்பது ஒழுங்கு நடவடிக்கை விஷயம் போலத் தெரியும். தாமதம் எந்த லொக்கேஷனில், எந்தக் கிழமையில் என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள், பெரும்பாலும் முதல் பஸ் வரும் நேரத்தில் போய் நிற்கும். டியூட்டி மாறும் நேரத்தை அரைமணி தள்ளினால் தீர்ந்துவிடும் இடங்கள் உண்டு.

11 ஜூன் 2025, இரவு 8.10 – ஐசியு சிஸ்டர்

ஹவுஸ் சர்ஜன், பி.ஜி. பிள்ளைகளுக்கும் இதே கதி. 1992-ஆம் ஆண்டு மத்திய அரசின் ரெசிடென்சி (பயிற்சி மருத்துவர்) உத்தரவில் தொடர்ந்த பணி பொதுவாக ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை என்று இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. டியூட்டி லிஸ்ட் போடுகிறவர்கள் இரண்டையும் அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளட்டும்.

வார்டில் டியூட்டி லிஸ்ட் போடும்போது நைட்டை மூன்று, நான்குக்கு மேல் அடுக்காமல், காலை – மதியம் – இரவு என்று முன்னோக்கிச் சுழற்றினால் உடம்பு ஓரளவு பழகும். இரவிலிருந்து காலைக்குப் பின்னோக்கிச் சுழற்றுவது எல்லாரையும் கெடுக்கும்.

12 ஜூன் 2025, இரவு 9.00 – மனநலப் பணி

குடியும் மாத்திரையும். சுருக்கமாக.

கேஸ் முடிந்த இரவு "ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் தூக்கம் வரும்" என்பது அந்த ஒரு இரவுக்கு உண்மைபோலத் தெரியும். குடி தூக்கத்தின் பிற்பாதியை உடைக்கும், நாலு மணிக்கு விழிப்பும் கெட்ட கனவும் கூடும். ஒரு வாரம் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

வார்டிலும் ஐசியுவிலும் வேலை செய்கிறவர்களுக்கு மாத்திரை கைக்கெட்டும் தூரம். அல்பிரசோலாம், குளோனசிபாம் வகைப் பதற்றம் தணிக்கும் மாத்திரைகளைச் சம்பவம் நடந்த முதல் மாதத்தில் அதிர்ச்சியின் அறிகுறிகளுக்காகக் கொடுக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தோழமைக்காக ஒரு டாக்டர் இன்னொருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது இங்கே சர்வ சாதாரணம். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள்.

14 ஜூன் 2025, காலை 11.30 – மனநலப் பணி

இனி மூன்றாம் நாளும் முப்பதாம் நாளும்.

பிரிட்டனின் ராயல் மரீன்ஸ் படையில் உருவான ட்ரிம் என்ற முறையை அங்குள்ள ஆம்புலன்ஸ், போலீஸ் துறைகளும் எடுத்துக்கொண்டன. சக பணியாளர் ஒருவருக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, சம்பவம் முடிந்து சுமார் 72 மணி நேரத்தில் ஒரு முறையும், ஒரு மாதத்தில் ஒரு முறையும் தனியாகப் பேச வைக்கிறார்கள். சம்பவத்துக்கு முன், சம்பவத்தின்போது, பிறகு என்று மூன்று பகுதியாகப் பேச்சு போகும். பேசும்போதே பத்து அபாயக் குறிகளைக் கவனித்து மதிப்பெண் போடுவார்கள். இரண்டாவது முறை அந்த எண் இறங்காவிட்டால் மருத்துவரிடம் இணைப்பார்கள். ஒரு மாதம் என்பதற்குக் காரணம் உண்டு: பெரும்பாலானவர்களுக்கு முதல் சில வாரத்தில் தானாகவே தணியும், பிடிஎஸ்டி என்ற நோய்ப்பெயரையே ஒரு மாதத்துக்குப் பிறகுதான் போடுவார்கள்.

நம்மூரில் எதைக் கவனிக்க வேண்டும்? அழுகிறவரைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். அந்தச் சாலை வழியே போகாமல் சுற்றிப் போகிறவர். குழந்தை கேஸ் வந்தால் பக்கத்து வண்டிக்குத் தள்ளப் பார்க்கிறவர். ஆக்சிஜன் சிலிண்டரை நாலு தடவை திறந்து மூடிப் பார்க்கிறவர். நோயாளியோடு வரும் அட்டெண்டர்களிடம் எரிந்து விழாதவர் திடீரென்று எரிந்து விழுவது. கேஸ் அலர்ட் ஒலித்தால் உடம்பு தூக்கிப் போடுவது – இதற்கு முதல் வேலையாக அந்த மொபைலின் ரிங்டோனை மாற்றுங்கள், செலவே இல்லை. லீவு மேல் லீவு போடுவதைப் போலவே, லீவே எடுக்காமல் டபுள் டியூட்டி கேட்டு வாங்குவதும் ஒரு குறிதான்.

பேசியதை எழுதி வைக்கும் இடத்தில்தான் எல்லாம் கெடும். பணிப் பதிவேட்டில், பெர்சனல் ஃபைலில் ஒரு வரிகூட ஏறக் கூடாது. "பேசினோம், அடுத்த தேதி இது" என்பதற்கு மேல் எதுவும் எழுத வேண்டாம். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அந்த ஃபைல் திறக்கப்படும் என்று சந்தேகம் வந்தால் அதன் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

14 ஜூன் 2025, மாலை 6.45 – மாவட்ட மேற்பார்வை

முப்பதாம் நாளும் சரியாகவில்லை என்றால் எங்கே அனுப்புவது? மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அங்கேதான் தினமும் நோயாளியை இறக்குகிறார்கள், சீட்டு போடுகிறவர் முதல் செக்யூரிட்டி வரை எல்லாரும் தெரிந்த முகம்.

14 ஜூன் 2025, இரவு 10.20 – மனநலப் பணி

பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்புங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். இரண்டு மாவட்ட மேற்பார்வையாளர்கள் பேசி வைத்துக்கொண்டு, உங்கள் ஆட்களை அங்கேயும் அவர்கள் ஆட்களை இங்கேயும் அனுப்பலாம். போகும் நாளை ஆன் டியூட்டியாகக் கொடுக்க வேண்டும், சி.எல். (தற்செயல் விடுப்பு) வெட்டினால் போக மாட்டார்கள்.

முதல் பேச்சுக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 போதும். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், 1800-891-4416 என்ற எண்ணும் உண்டு. அலுவலக போனிலிருந்து அழைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்துக்கான உரிமையைத் தருகிறது. நிர்வாகம் கேட்டாலும் மருத்துவர் விவரம் தரக் கூடாது. வேலைக்குத் தகுதியா இல்லையா என்ற சான்று வேறு, சிகிச்சை விவரம் வேறு. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு, காப்பீட்டில் உடல் நோய்க்கு இணையாக மன நோயையும் வைக்கச் சொல்கிறது.

சிகிச்சை என்றால் வாழ்நாள் முழுக்க மாத்திரை என்ற பயம் இருக்கிறது. பிடிஎஸ்டிக்கு முதல் தேர்வு பேச்சு சிகிச்சைதான், அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சை) பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வு. ஒன்பதாம் தேதி நான் வேண்டாம் என்று சொன்ன பேச்சும் இதுவும் ஒன்றல்ல. இதில் பயிற்சி பெற்றவர், நோயாளி தயாரான வேகத்தில், வாரம் வாரம் கொண்டுபோவார்.

15 ஜூன் 2025, பிற்பகல் 3.30 – ஐசியு சிஸ்டர்

இறந்துபோனது நம் கையால் நடந்த தவறோ என்று நினைக்கிற நர்ஸைப் பற்றி யாருமே எழுதவில்லை. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000-இல் எழுதியபோது அவர்களை இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று அழைத்தார். மருந்து அளவு மாறிப் போனது, மானிட்டர் அலாரத்தைக் கவனிக்காதது, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தாமதமாகப் பார்த்தது. நோயாளியின் குடும்பம்தான் முதலில், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நர்ஸ் அடுத்த நாள் அதே வார்டில் மருந்து எடுக்கும்போது கை நடுங்கினால் அடுத்த தவறும் நடக்கும்.

தாய் மரணத் தணிக்கைக் கூட்டங்களைத் தமிழ்நாடு விடாமல் நடத்துகிறது, உயிர்களைக் காத்த வேலை அது. அந்தக் கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியரையோ ஸ்டாஃப் நர்ஸையோ தனியாக அனுப்பாதீர்கள். இன்சார்ஜ் கூடப் போகட்டும். கேள்வி வரிசையை மாற்றினாலே போதும்: அன்று எத்தனை பேர் டியூட்டி, ரத்தம் எத்தனை யூனிட் இருந்தது, வண்டி எப்போது வந்தது என்று கேட்ட பிறகு யார் என்ன செய்தார் என்று வாருங்கள். முதல் கேள்வியே "ஏம்மா விட்டே?" என்று வந்தால், அதன் பிறகு வரும் பதிலில் உண்மையை எதிர்பார்க்க முடியாது.

15 ஜூன் 2025, இரவு 9.15 – மனநலப் பணி

சிஸ்டர் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். தவறு நடந்தது என்று மனம் உடைந்த நிலையில் இருப்பவரிடம் "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வியே அதுதான், மொத்த எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு "ஆம்" என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வைக்க வேண்டும். மயக்கவியல் பிரிவிலும் ஐசியுவிலும் இருப்பவரென்றால் மருந்து அலமாரிச் சாவி இல்லாத இடத்துக்குச் சில வாரம் மாற்றுங்கள். எல்லார் முன்னாலும் சாவியைப் பிடுங்காமல், வழக்கமான வார்டு மாற்றமாகவே செய்யலாம். தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

17 ஜூன் 2025, காலை 8.00 – ஐசியு சிஸ்டர்

அடி வாங்கியவர்களுக்கு: 2008-இலேயே தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. புகார் கொடுப்பது தனி ஆளின் சுமையாக இருக்கக் கூடாது. மத்திய சுகாதாரத் துறை 2024 ஆகஸ்டில் அனுப்பிய குறிப்பில், தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே எஃப்ஐஆர் பதிய வைக்க வேண்டும் என்று இருக்கிறது. அடிபட்ட நர்ஸ் ஸ்டேஷனில் தனியாக மூன்று மணி நேரம் காத்திருப்பது இரண்டாவது அடி.

இறப்புச் செய்தி சொல்லும்போது இரண்டு பேராகப் போங்கள், கதவு உங்கள் பக்கம் இருக்கட்டும், "இறந்துட்டாங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "ட்ரை பண்றோம்" என்று இழுத்து அரை மணி கழித்துச் சொல்வதில்தான் பல சண்டைகள் தொடங்குகின்றன.

17 ஜூன் 2025, இரவு 11.40 – மனநலப் பணி

விட்டுப்போனவர்கள். பிணவறை உதவியாளர்கள், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், 108 கன்ட்ரோல் ரூமில் போன் எடுக்கும் இஆர்ஓக்கள். இஆர்ஓவுக்கு முடிவே தெரியாது. அழுகை மட்டும் காதில் கேட்கிறது, லைன் துண்டிக்கப்படுகிறது, அடுத்த கால். கெட்ட கால் முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றிப் பத்து நிமிடம் எழுந்து நடக்க விடுங்கள். ஷிஃப்ட் முடிவதற்குள் அந்த நோயாளிக்கு என்ன ஆனது என்று யாராவது அவர்களிடம் சொல்லட்டும், இறந்திருந்தாலும் சொல்லட்டும். தெரியாமல் இருப்பதுதான் அவர்களை அரிக்கிறது. பிழைத்த கேஸ்களையும் சொன்னால் இன்னும் நல்லது.

18 ஜூன் 2025, மாலை 7.00 – மாவட்ட மேற்பார்வை

அப்படியானால் குழுவாகக் கூடவே வேண்டாமா? இன்னொன்று, "எனக்கு ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்" என்பவரை என்ன செய்வது?

18 ஜூன் 2025, இரவு 10.10 – மனநலப் பணி

கூடலாம், ஐந்து நிமிடம். எடின்பரோ மருத்துவமனை அவசரப் பிரிவில் ஸ்டாப்-5 என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வது, நன்றாகப் போனவை, மேம்படுத்த வேண்டியவை, அடுத்து யார் என்ன செய்வது. நின்றுகொண்டே பேசுவது, வேலையைப் பற்றி மட்டும். லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் கருவி) பேட்டரி செத்திருந்தது, ரோடு தெரியவில்லை என்ற அளவில். விருப்பமில்லாதவர் போய்விடலாம். மனதைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் தடுக்காதீர்கள், மற்றவர்களையும் பேசச் சொல்லாதீர்கள்.

"ஒண்ணும் இல்ல" என்பவரை நம்புங்கள். பெரும்பாலும் உண்மையாகவே ஒன்றும் இருக்காது. "சரி, மூணு நாள் கழிச்சு ஒரு போன் பண்றேன், எல்லாருக்கும் பண்றதுதான்" என்று மட்டும் சொல்லுங்கள். எல்லாருக்கும் என்ற சொல் முக்கியம், தேர்ந்தெடுத்துக் கேட்டால் கூச்சப்படுவார். மூன்றாம் நாள் மறக்காமல் அழையுங்கள். முப்பதாம் நாளும் அழையுங்கள். இந்த இரண்டு தேதியையும் சம்பவம் நடந்த அன்றே குறித்து வையுங்கள். வரைவில் அந்த அழைப்புக்கு ஒருவர் பெயர் இருக்க வேண்டும், அவர் லீவிலோ மாற்றலிலோ போனால் வண்டிச் சாவியையும் ஸ்டாக் ரிஜிஸ்டரையும் ஒப்படைக்கும்போது அந்தத் தேதிகளும் ஹேண்ட் ஓவரில் போக வேண்டும்.